காலையில் ஐம்பது நிமிடம், அதற்குள் இரண்டு காபி: எந்த முறை சரிவரும்?

அரைத்தூக்கம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், கதைதான் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுந்திருப்பது 5.50. வீட்டை விட்டுக் கிளம்புவது 6.40. குளியல், சாப்பாட்டுப் பெட்டி, மகளை எழுப்புவது, அவளுக்குத் தலை பின்னுவது எல்லாம் இந்த ஐம்பது நிமிடத்துக்குள் அடக்கம். பின்னல் என் இலாகா. மனைவி 6.45க்கு எழுந்து 7.30க்குக் கிளம்புவாள். அவளுடைய காபியையும் நான்தான் போட்டு வைத்துவிட்டுப் போகவேண்டும். எனக்குப் பால் இல்லாமல், அவளுக்குப் பால் விட்டு.

போன மாதம் வரை பிரெஞ்சு பிரஸ். தூளைப் போடு, வெந்நீரை ஊற்று, நாலு நிமிடம் கழித்து அமுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த நாலு நிமிடத்தில் பின்னலை ஆரம்பிப்பேன். பின்னலுக்கு நாலு நிமிடக் கணக்கெல்லாம் தெரியாது. சீப்பு காணாமல் போகும். ரப்பர் பேண்ட் அறுந்து எங்கேயோ தெறிக்கும். பாதியில் "கோணலா இருக்கு, அவிழ்த்துடுங்க" என்று உத்தரவு வரும். நான் சமையலறைக்குத் திரும்பும்போது ஒன்பது, பத்து நிமிடம் ஆகியிருக்கும். காபி கசந்து, ஆறி, கடைசி வாய் முழுக்க மண்டியாக இருக்கும்.

அதையும் சகித்துக்கொண்டேன். ஆனால் சக்கையைத் தினமும் அவசரத்தில் சிங்க்கிலேயே கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தண்ணீர் இறங்கவில்லை. கீழே வாளியை வைத்து வளைந்த குழாயைக் கழற்றினால், ஈர மண்ணைப் பிடித்து வைத்த மாதிரி ஒரு கைப்பிடி கனத்துக்குக் காபிச் சக்கை. அதுவும் சட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்ட பிறகு. அன்றைக்கு பிரெஞ்சு பிரஸ் பரண் ஏறியது.

ஒரு மாதமாக இன்ஸ்டன்ட். எனக்கு அதன் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் காபி கடிதம் போட்ட மாதிரிதான் இருக்கிறது, ஆள் நேரில் வரவில்லை.

மோக்கா பாட், ஏரோபிரஸ், கேப்ஸ்யூல் மெஷின், டைமர் வைத்த டிரிப் மெஷின் என்று படித்துப் படித்துக் குழம்பிவிட்டேன். மேடையில் இடம் குறைவு. அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கழுவுவது சீக்கிரம் முடியவேண்டும். தினமும் காலையில் இதையெல்லாம் உண்மையிலேயே செய்கிறவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காபிக்காரர்கள் அடுத்த வாரம் வரலாம்.


மூன்றாம் அடுப்பு:

மோக்கா பாட் என்று சொல்லத்தான் வந்தேன், "அடுப்பருகே நிற்க முடியாது" என்ற வரியைப் பார்த்ததும் பாதி ஊக்கம் போய்விட்டது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

1933ல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியலெட்டி கொண்டுவந்தது. அதன் பிறகு பெரிதாக மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி, அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்கவேண்டும். தூளை அமுக்கக் கூடாது, மேலே தடவிச் சமன் செய்தால் போதும். பச்சைத் தண்ணீரில் ஆரம்பிக்காதீர்கள். கெட்டிலில் காய்ந்த நீரை ஊற்றி, துணியால் பிடித்து மூடி, சின்னத் தீயில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கரும்பழுப்பு நிறத்தில் கசிய ஆரம்பிக்கும். நிறம் வெளிறி, "கொர்ர் கொர்ர்" என்று தும்ம ஆரம்பித்ததுமே இறக்கிவிடவேண்டும். அந்தத் தும்மலுக்குப் பிறகு வருவதெல்லாம் கசப்புதான்.

அந்தக் கடைசி இருபது விநாடிதான் உங்களுக்குச் சிக்கல். அப்போது நீங்கள் ரப்பர் பேண்ட் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம். பெட்டியில் "3 கப்" என்று போட்டிருந்தால் அது எஸ்பிரெஸோ கப். மொத்தமே 130 மில்லி அளவுக்குத்தான் வரும். பாதி தண்ணீர் பாதி தூள் போட்டு ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றால் சரியாக வராது. எந்த அளவு வாங்குகிறீர்களோ அந்த அளவுதான்.


பட்டன்ராஜா:

கேப்ஸ்யூல். வெட்கப்படாமல் சொல்கிறேன். ஒரு கப்புக்கான தூள் சின்னக் குப்பியில் அடைத்தே வரும். பட்டனை அமுக்கினால் ஒரு நிமிடத்தில் காபி. பால் தனியாகச் சுட வைப்பேன். ஒரு கப்புக்கு ஆகும் செலவு தூளைவிடப் பல மடங்கு என்று தெரியும். காலி அலுமினியக் குப்பிகளைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு பை வைத்திருக்கிறேன், அந்தப் பை எப்போதும் நிரம்பியே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் காலை ஆறு மணிக்கு எனக்குக் கொள்கை கிடையாது.


கைக்கடிகாரம்:

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன். உன் காபி கசந்தது பின்னலால் அல்ல.

எனக்கும் இதே சந்தேகம் வந்து, ஒரு வாரம் கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு காபி போட்டேன். வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். தூளும் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்து ஊறுகிற முறைகளில் முதல் இரண்டு மூன்று நிமிடத்தில்தான் பெரும்பகுதி சாறு இறங்குகிறது. அதற்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும். ஒரே தூளை நாலு நிமிடமும் பத்து நிமிடமும் ஊறவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் குடித்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தது கொஞ்சம் கனமாக இருந்தது, ஆறியும் இருந்தது. ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பெல்லாம் இல்லை. உன்னுடையது அவ்வளவு கசந்தது என்றால் தூள் ரொம்ப நைசாக இருந்திருக்கும். கடைசி வாயில் மண்டி என்கிறாயே, அதுவும் அதற்குத்தான் சாட்சி. கம்பி வலைக்கு நைஸ் தூளைப் பிடித்து வைக்கத் தெரியாது. பிரெஞ்சு பிரஸ்ஸுக்குக் கல் உப்பு அளவுக்குத் தூள் திப்பிதிப்பியாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, "எது வேகமான முறை" என்று கேட்டாலே எல்லோரும் ஊறும் நேரத்தைத்தான் சொல்வார்கள். காலை நேரத்தைத் தின்பது அது இல்லை. நான் எழுதி வைத்த கணக்கு இது. என் கெட்டில் 1500 வாட். அரை லிட்டர் கொதிக்க இரண்டு நிமிடம். நான் பழக்கதோஷத்தில் அதை நிரப்பித்தான் வைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றரை லிட்டர். ஆறு நிமிடம்! தேவையான தண்ணீரை மட்டும் ஊற்ற ஆரம்பித்ததிலேயே நாலு நிமிடம் மிச்சம், புதிதாக எதுவும் வாங்காமலே. கையால் சுற்றும் கிரைண்டரில் 18 கிராம் அரைக்க ஒன்றரை நிமிடம், தோள் வலி தனி. பிரெஞ்சு பிரஸ் கழுவ மூன்று நிமிடம். வலையைக் கழற்றி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்டி. ஊறுகிற நாலு நிமிடத்தில் நான் வேறு வேலை பார்க்கலாம். கழுவுகிற மூன்று நிமிடத்தில் கழுவத்தான் முடியும். அதனால் கை மாட்டிக்கொள்கிற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்.

உன் நிலைமைக்குக் கிளெவர் டிரிப்பர் மாதிரி ஒன்றைச் சொல்வேன். பார்க்கப் புனல் மாதிரி இருக்கும், அடியில் ஒரு வால்வு. மேடையில் வைத்தால் மூடிக்கொள்ளும், கப்பின் மேல் தூக்கி வைத்தால் திறந்துகொள்ளும். உள்ளே பேப்பர் ஃபில்டர். ஊறுவதும் உண்டு, வடிகட்டுவதும் உண்டு. நீ மறந்துபோனாலும் அது பாட்டுக்கு மேடையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குடித்து முடித்தபின் பேப்பரை நாலு மூலையும் பிடித்துத் தூக்கிக் குப்பையில் போட்டால் சக்கையோடு போய்விடும். ஒரு சொட்டு சிங்க்குக்குப் போகாது.

செய்முறையில் ஒரே ஒரு தந்திரம். பேப்பரை வெந்நீரில் அலசிக் கொட்டிவிட்டு, முதலில் தண்ணீரை ஊற்று, அப்புறம் தூளைப் போட்டு ஒரு கலக்கு கலக்கு. தூள் முதலில் போனால் அடியில் போய் அடைத்துக்கொண்டு மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று வடியும். தண்ணீர் முதலில் என்றால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இதை நானே நம்பாமல்தான் செய்து பார்த்தேன்.


எல்டிஎல் பார்ட்டி:

கைக்கடிகாரம் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வடிகட்டாத காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, அது கெட்ட கொழுப்பை ஏற்றும். பிரெஞ்சு பிரஸ்ஸில் அது அப்படியே கப்புக்கு வந்துவிடும். பேப்பர் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. தினம் நாலு கப் பிரெஞ்சு பிரஸ் குடித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

பேப்பர் ஃபில்டரை 1908ல் கொண்டுவந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி, மகனுடைய நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்துத்தான் முதலில் சோதனை செய்தாராம். அவருக்கும் காலையில் வாய் நிறைய மண்டி வந்து எரிச்சலாகியிருக்கும்.


பறக்கும் தட்டு:

ஏரோபிரஸ்ஸை யாரும் சொல்லவில்லையே, அநியாயம். கண்டுபிடித்தவர் ஆலன் ஆட்லர், பறக்கவிட்டு விளையாடும் பிளாஸ்டிக் வளையம் செய்தவர். அந்த மூளைதான் இதையும் செய்தது. 2005ல் வந்தது. பார்க்கப் பெரிய ஊசிக்குழாய் மாதிரி இருக்கும், ஒரு குழாய், அதற்குள் அமுக்க ரப்பர் முனை வைத்த ஒரு தண்டு. தூள், தண்ணீர், ஒரு நிமிடம், மெதுவாக அமுக்கு. முடிந்ததும் குப்பைத் தொட்டிக்கு மேல் பிடித்து இன்னும் ஒரு அமுக்கு, சக்கை கேக் மாதிரி ஒரே வில்லையாக "டப்" என்று விழும். ரப்பரைத் தண்ணீரில் காட்டினால் சுத்தம். பத்து விநாடி. பயணத்துக்கும் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை: தலைகீழாக வைத்துப் போடும் முறையை வீடியோவில் பார்த்து அரைத்தூக்கத்தில் முயற்சி செய்யாதீர்கள். உங்கள் பெயரே அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். திருப்பும்போது நழுவி, என் கால் மேல் கொதிநீரும் தூளும். கொப்புளம் ஆற இரண்டு வாரம்.


கைக்கடிகாரம்:

ஏரோபிரஸ் நல்லதுதான், ஒரு ஆளுக்கு. இவருக்கு இரண்டு கப் வேண்டும். இரண்டு தடவை போடவேண்டும், இல்லையென்றால் கெட்டியாக ஒன்று போட்டு வெந்நீர் விட்டுப் பிரிக்கவேண்டும். பின்னிக்கொண்டே அமுக்கவும் முடியாது.


நிறைகுடம்:

டைமர் மெஷின்காரன் நான். ராத்திரி தண்ணீரும் தூளும் போட்டு 5.45க்கு வைத்துவிட்டால் எழும்போதே வாசனை வரும். அதற்காகவே எழுந்திருக்கத் தோன்றும். கண்ணாடி ஜாடி வைத்து அடியில் சூட்டுத் தட்டு இருக்கும் மாடலை மட்டும் வாங்காதீர்கள். அரை மணியில் காபி தீய்ந்த வாடை அடிக்கும். உங்கள் வீட்டம்மா குடிப்பது ஐம்பது நிமிடம் கழித்து. ஃபிளாஸ்க் மாதிரி ஜாடி உள்ளதாகப் பாருங்கள்.

பெயருக்குக் காரணம் கேட்பீர்கள். ஒரு நாள் ராத்திரி எல்லாம் சரியாக வைத்தேன், ஜாடியை மட்டும் வைக்க மறந்துவிட்டேன். காலையில் வாசனை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. மேடை, இழுப்பறை, இழுப்பறைக்குள் இருந்த கரண்டிகள், தரை. ஆறு கப்.


முன்னிரவு:

ராத்திரியே முடித்துவிட்டால் காலையில் பிரச்சினையே இல்லையே. இரண்டு அடுக்கு ஃபில்டரில் படுக்கப்போகுமுன் டிகாக்ஷன் இறக்கி வைப்பது ஒரு வழி. நான் கோல்ட் ப்ரூ. கரகரப்பான தூள் 100 கிராம், தண்ணீர் அரை லிட்டர், ஃபிரிட்ஜில் பதினாறு மணி நேரம், வடிகட்டி பாட்டிலில். ஒரு வாரம் ஓடும். காலையில் கொஞ்சம் ஊற்றி, மேலே சுடுபாலோ வெந்நீரோ. முப்பது விநாடி வேலை. புளிப்பு குறைவு. சூட்டில் எழும் அந்த மணம் மட்டும் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.


அரைத்தூக்கம்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கைக்கடிகாரம் அக்கா, தூள் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். அரைத்து வாங்கிய பாக்கெட் அது, கல் உப்பு எல்லாம் இல்லை, மாவு. இத்தனை நாள் குழந்தையின் தலைமேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிளெவர் மாதிரி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். ராத்திரியே அரைத்து வைத்துக்கொண்டால் மணம் போய்விடாதா? காலையில் கிரைண்டர் ஓட்டினால் மனைவி எழுந்துவிடுவாள். அப்புறம் நான் காபியே குடிக்க முடியாது.


கைக்கடிகாரம்:

போகும், ஆனால் ஒரு ராத்திரியில் போவது கொஞ்சம். அரைத்து மாதக்கணக்கான பாக்கெட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வை. தராசு இருந்தால் 30 கிராம் தூளுக்கு 450 மில்லி தண்ணீர், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். சர்க்கரையைவிடக் கொஞ்சம் பெரிய பருக்கையாக அரை, பேப்பர் இருப்பதால் பிரெஞ்சு பிரஸ் அளவுக்குத் திப்பி வேண்டாம். கறுப்பாக வறுத்த கொட்டை என்றால் கொதித்ததும் அரை நிமிடம் விட்டு ஊற்று.

அப்புறம், மனைவி காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றுமுன் உள்ளே வெந்நீர் விட்டு அலசு. பாலைக் கலந்து வைக்காதே, குடிக்கும்போது கலக்கட்டும்.


அரைத்தூக்கம்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

முதல் நாள் சொதப்பல். டிரிப்பரை நேராக ஃபிளாஸ்க் வாயிலேயே வைத்தேன். வாய் குறுகலாக இருந்ததால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. தூக்கிப் பார்க்கலாம் என்று ஒரு பக்கம் சாய்த்தேன், குபுக்கென்று திறந்துகொண்டது. இஸ்திரிச் சட்டை மறுபடி. இப்போது அகலமான ஒரு ஜாடியில் வடித்துவிட்டு அதிலிருந்து பிரித்து ஊற்றுகிறேன்.

இப்போது நடப்பது இப்படி. 5.52க்கு 550 மில்லி அளந்து கெட்டிலைப் போடுகிறேன், நூறு மில்லி பேப்பர் அலசவும் ஃபிளாஸ்க் அலசவும். பல் தேய்த்துவிட்டு வந்தால் கொதித்திருக்கும். தண்ணீர், ராத்திரி அரைத்த தூள், ஒரு கலக்கு, மூடி. மகளிடம் போகிறேன். சீப்பு தேடுகிறோம். பின்னல் முடிந்து வந்து தூக்கி ஜாடியின் மேல் வைக்கிறேன். அது வடிகிற நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டி மூடியாகிவிடும். நான் கை வைக்கிற நேரம் மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். கடிகார வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. கடைசி வாயில் மண்டி இல்லை. முதல் நாள் பழக்கத்தில் அடியில் ஒரு வாய் விட்டுவிட்டு, அப்புறம் கப்பைச் சாய்த்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது, குடித்துவிட்டேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஃபிளாஸ்க் தினமும் காலியாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு நாள் நான் ஊரில் இல்லை. "அந்தப் புனலை எப்படிப் போடுவது" என்று 6.50க்குச் செய்தி வந்தது.

இரவல் கொடுத்த நண்பர் திருப்பிக் கேட்கிறார், சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும். மூன்றாம் அடுப்பு அண்ணா, விடுமுறை நாளுக்கு மோக்கா பாட்டும் மனதில் இருக்கிறது, அந்தத் தும்மலை ஒரு தடவை கேட்டுவிடவேண்டும்.

இப்போது புதுச் சிக்கல். மகளுக்கு இனிமேல் ஒற்றைப் பின்னல் போதாதாம், இரட்டை வேண்டுமாம். நடுவில் வகிடு எடுப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு மேலே எவ்வளவு நேரம்வரை ஊறலாம், அக்கா?


கைக்கடிகாரம்:

நான் பதினைந்து வரை விட்டிருக்கிறேன் தம்பி, காபி பிழைத்துக்கொண்டது. ஆறிப்போவதுதான் பிரச்சினை. மூடியோடு மேலே ஒரு தடித்த துண்டைப் போட்டு மூடு. வகிடுக்குச் சீப்பின் வால் முனையைப் பிடி, நேராக வரும்.